ஹீட்டர் போட்டதும் தோல் ஏன் வெடிக்கிறது? கனடாக் குளிருக்கு ஏற்ற தோல் பராமரிப்பு

டொரோண்டோவில் முதல் ஸ்னோ விழுவதற்கு முன்பே, அக்டோபர் கடைசியில், பலருக்கு முன்னங்காலில் தோல் வெளுக்கத் தொடங்கிவிடும். நகம் லேசாகப் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். உடை மாற்றும்போது இடுப்பும் முதுகும் அரிக்கும். வெளியே இன்னும் 8, 10 டிகிரிதான். ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். தோல் வெடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். குளிர்காலப் பராமரிப்பைத் தொடங்கவேண்டிய நாளும் அதுதான். ஜனவரியில் கை வெடித்து ரத்தம் கசியும் வரை காத்திருந்தால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதம் என்று வானிலைச் செயலி காட்டினாலும், ஒரு கனமீட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம் தண்ணீர்தான். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால், இப்போது அதனால் 19 கிராம் வரை தாங்க முடியும். கையில் இருப்பதோ அதே 2 கிராம். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 15, 20 வரை தூக்கலாம், அவ்வளவுதான். சென்னையில் மார்கழி விடியற்காலையும் அதே 22 டிகிரிதான்; ஆனால் அங்கே ஒரு கனமீட்டரில் 15, 16 கிராம் நீராவி இருக்கும். வெப்பநிலை ஒன்றுதான், காற்றின் தாகம் வேறு. ஊரில் வருடம் முழுக்கப் போதுமாக இருந்த சோப்பும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் தோற்றுப்போவது இதனால்தான்.

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது, உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, இடையில் சாந்துபோலக் கொழுப்பு நிரம்பியிருக்கும். அந்தக் கொழுப்பில் ஏறத்தாழ பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செல்களுக்குள்ளே யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள் போன்ற நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உண்டு. இந்த அடுக்கில் தண்ணீரின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையும் தன்மையை இழக்கும். மடங்கும் இடங்களில் வெடிக்கும். இன்னொரு சிக்கலும் சேர்கிறது: பழைய செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து உதிர்க்கும் நொதிகளுக்கு வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் செல்கள் தனித்தனியாக உதிராமல் கொத்துக் கொத்தாகச் செதிலாகி நிற்கும். மாநிறத்திலும் கருப்பிலும் சாம்பல் பூத்ததாகத் தெரிவது இந்தச் செதில்களில் ஒளி சிதறுவதால். தேய்த்து எடுக்கவேண்டிய அழுக்கு அங்கே எதுவும் இல்லை. நாரும் ஸ்க்ரப்பும் போட்டுத் தேய்த்தால் சாந்து இன்னும் பெயரும்.

ஆகவே குளிர்காலத்துக்குப் புதிதாக ஐந்தாறு பாட்டில் வாங்கத் தேவையில்லை. தோலிலிருந்து கொழுப்பை எடுப்பதைக் குறைக்கவேண்டும். தண்ணீர் வெளியேறுவதை மேலிருந்து அடைக்கவேண்டும். முதல் வேலை குளியலறையில்.

குளியல்

வெளியிலிருந்து விறைத்து வந்தவுடன் ஆவி பறக்கும் ஷவருக்குக் கீழே இருபது நிமிடம் நிற்பது சுகம்தான். ஆனால் சுடுதண்ணீர் சாந்தைக் கரைத்து எடுத்துவிடும். உடல் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பு, அதாவது 37, 38 டிகிரி, போதும். நேரம் 5 முதல் 10 நிமிடம். குளித்து முடித்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து தோலும் சிவந்திருந்தால் தண்ணீர் சூடு அதிகம் என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. குளித்த பிறகு வரும் அரிப்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

நாம் காலம்காலமாகப் பயன்படுத்தும் குளியல் சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 இருக்கும். தோலின் இயல்பான பிஎச் 5ஐ ஒட்டியது. செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சோப்பு போட்ட பிறகு தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் எடுக்கும். கோடையில் அந்த இடைவெளியைத் தோல் சமாளித்துவிடும், குளிர்காலத்தில் முடியாது. சின்டெட் எனப்படும் சோப்பில்லாத கட்டி அல்லது திரவத்துக்கு மாறுங்கள். பொருள் பட்டியலின் தொடக்கத்தில் ‘சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்’ என்று இருந்தால் அது அந்த வகை. அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் தினமும் போடுங்கள். முன்னங்கால், முழங்கைக்குக் கீழே, முதுகு இவை வியர்க்காத நாளில் தண்ணீர் பட்டாலே சுத்தம்தான்.

எண்ணெய்க் குளியல் பற்றிச் சொல்லவேண்டும். நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ கடலை மாவோ போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் குளிப்பது வெக்கையான ஊருக்கு ஏற்ற முறை. பூசிய எண்ணெயை மாவு உறிஞ்சி எடுத்துவிடுகிறது, கூடவே தோலின் சொந்தக் கொழுப்பையும். வறண்ட வீட்டில் இதன் முடிவு, குளித்து ஒரு மணி நேரத்தில் இறுகிப்போகும் தோல். வழக்கத்தை விட மனமில்லையென்றால் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு மாவைத் தவிர்த்து, எண்ணெயைக் குளித்த பிறகு பூசுங்கள். மஞ்சள், எலுமிச்சைச் சாறு கலந்த பூச்சுகளை இந்த நான்கைந்து மாதமும் ஒதுக்கிவையுங்கள். வெடிப்பில் எலுமிச்சை பட்டால் எரிவதோடு நிற்காது; நம் நிறத்துக்கு அந்த எரிச்சல் மாதக்கணக்கில் கரும்புள்ளியாகத் தங்கும்.

குளித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், துடைத்துக் காயவிடாதீர்கள். தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், பூசவேண்டியதைப் பூசிவிடுங்கள். க்ரீம் டப்பா படுக்கையறை அலமாரியில் இருந்தால் இது நடக்காது. அதன் இடம் குளியலறைதான்.

எதைப் பூசுவது, எவ்வளவு

பூசும் பொருள்களின் வேலை மூன்று வகை. கிளிசரின், யூரியா, ஹயலூரானிக் அமிலம் ஆகியவை நீரைப் பிடித்துவைக்கும். எண்ணெய்களும் செராமைடும் செதில்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை நிரப்பும். வாஸ்லின் எனப்படும் பெட்ரோலியம் ஜெல்லி, மினரல் ஆயில், டைமெத்திகோன் ஆகியவை மேலே மூடியாக உட்காரும். வறண்ட காற்றில் முதல் வகையை மட்டும் பூசினால், பிடித்த நீர் ஆவியாகிப் போய்விடும். கிளிசரினையும் பன்னீரையும் கலந்து பூசிவிட்டுத் தோல் இழுக்கிறது என்பவர்களின் குறை இதுதான். அதன்மேல் மூடி வேண்டும். மூடிகளில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச இன்றும் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. 1872இல் ராபர்ட் செஸ்ப்ரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள். விலை மலிவு, வாசனை இல்லை, ஒவ்வாமை மிக அரிது.

பம்ப் வைத்த பாட்டிலில் வரும் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். சென்னைக்கு அது பொருத்தம். இங்கே அகல வாய் டப்பாவில் வரும் கெட்டியான க்ரீமுக்கு மாறுங்கள். டப்பாவைக் கவிழ்த்தால் வழியக்கூடாது, அதுதான் பதம். பட்டியலில் கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) மூன்றும் இருந்தால் நல்லது. ‘வாசனைப் பொருள் சேர்க்காதது’ (ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ) என்று எழுதியதைத் தேடுங்கள். ‘வாசனை தெரியாதது’ (அன்சென்டட்) என்று இருந்தால் மூல வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்க வாய்ப்புண்டு. முன்னங்கால் ரொம்பவும் செதிலாக இருந்தால் யூரியா 10 சதவீதம் உள்ள க்ரீம் நன்றாக வேலை செய்யும். வெடித்த இடத்தில் யூரியா எரியும். முதலில் நான்கைந்து நாள் வாஸ்லின் போட்டு வெடிப்பை ஆற்றிவிட்டு யூரியாவுக்குப் போங்கள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது அளவில்தான். தோல் மருத்துவத்தில் விரல்நுனி அளவு என்று ஒன்று உண்டு: சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். முகமும் கழுத்தும் இரண்டரை விரல்நுனி. ஒரு கைக்கு மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே இன்னும் ஒன்று. ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. முன்பக்கம் ஏழு, பின்பக்கம் ஏழு. கூட்டினால் உடம்பு முழுக்க ஒருமுறை பூச 20 கிராம். எக்ஸிமா உள்ளவர் இதைக் காலையும் இரவும் செய்தால் வாரத்துக்கு 280 கிராம் தீரும். சாதாரண வறட்சிக்கு அவ்வளவு வேண்டாம். கை கால்களுக்கு மட்டும் தினம் ஒருமுறை என்றால் 12 கிராம். 450 கிராம் டப்பா ஐந்து வாரம் வரும். ஒரு சிறிய 50 மில்லி ட்யூப் மாதம் முழுக்க வருகிறதென்றால் நீங்கள் பூசுவது போதவில்லை. விலை உயர்ந்த சிறு ட்யூபைக் காட்டிலும் மலிவான பெரிய டப்பா பயன் தருவது இந்தக் கணக்கினால்தான். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகப் பூசுங்கள். எதிராக அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துச் சிறு கொப்புளம் வரும்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் இங்கே 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உள்ளங்கையில் வைத்தால் உருகும், தன்மை மாறாது. ஈரமான தோலில் பூசினால் உடம்புக்கு நல்ல பொருள்தான். முகப்பரு வரும் முகத்துக்கு வேண்டாம். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் லினோலிக் அமிலம் நிறைந்தவை, பரவாயில்லை. ஆலிவ் எண்ணெய்தான் பிரச்சினை. அதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம். அது தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கும். பிரிட்டனில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சில வாரம் ஆலிவ் எண்ணெய் பூசிய பெரியவர்களுக்குத் தோலின் தடுப்பு அடுக்கு பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் மசாஜ் நல்லது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெய்க் களிம்புகளும் ஊறிய துணி தீப்பிடித்தால் மிக வேகமாக எரியும். பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கையில் களிம்பு பூசி, நீளக் கை வைத்த நைட்டியோடு விளக்கேற்றுவதும் காஸ் அடுப்பில் தாளிப்பதும் உண்மையான ஆபத்து. கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், உடையையும் படுக்கை விரிப்பையும் அடிக்கடி துவையுங்கள். துவைத்தாலும் முழுதாகப் போய்விடாது என்பதை மறக்கவேண்டாம்.

முகம்

காலையில் முகத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். இரவில் நுரைக்கும் ஃபேஸ் வாஷுக்குப் பதில் பால்போன்ற, நுரைக்காத க்ளென்சர். ரெட்டினால், அடாபலீன், கிளைகோலிக் அமிலம் முதலியவற்றைப் பயன்படுத்துபவர்கள் நவம்பரிலேயே குறைக்கவேண்டும்: தினமும் போட்டவர்கள் வாரம் இரண்டு மூன்று இரவு. முதலில் க்ரீம், அது காய்ந்த பிறகு பட்டாணி அளவு ரெட்டினாய்டு (ரெட்டினால், அடாபலீன் வகை), அதன்மேல் மீண்டும் க்ரீம். ரெட்டினாய்டும் அமிலமும் ஒரே இரவில் சேரக்கூடாது. வெறும் மாய்ஸ்சரைசர் போட்டாலே எரிகிறதென்றால் தோலின் தடுப்பு அடுக்கு குலைந்துவிட்டது. மருந்துகளை இரண்டு வாரம் முழுக்க நிறுத்திவிட்டு, க்ரீமும் வாஸ்லினும் மட்டும். மைனஸ் 15இல் காற்று அறையும் நாளில் பஸ் ஸ்டாப்புக்குப் போகுமுன் கன்னத்திலும் மூக்கிலும் மெல்லிய வாஸ்லின் படலம் காற்றடியைக் குறைக்கும். ஆனால் அது உறைபனிக் காயத்தைத் தடுக்காது, அதற்கு மஃப்ளர்தான்.

சன்ஸ்க்ரீன் வேண்டுமா? டிசம்பர், ஜனவரியில் டொரோண்டோவில் புறஊதாக் குறியீடு நண்பகலிலும் 1, 2ஐத் தாண்டுவது அரிது. அலுவலகம் போய்வருபவருக்கு அவசியமில்லை. புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், ஆகவே பனிச்சறுக்குக்குப் போகும் நாளில் கட்டாயம். மங்கு உள்ளவர்கள் மட்டும் வருடம் முழுக்க விடக்கூடாது. அவர்களுக்குச் சாதாரண வெளிச்சமும் எதிரி என்பதால், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் தேவை.

புருவத்திலும் மூக்கு மடிப்பிலும் மஞ்சளாக, பிசுபிசுப்பான செதில் வருகிறதா? அது வறட்சியால் வருவது அல்ல, பொடுகைச் சேர்ந்தது. அங்கே வளரும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு. குளிர்காலத்தில் தலை வறண்டுவிட்டதென்று இரவு முழுக்க எண்ணெய் ஊறவைத்து அதை வளர்த்துவிடுபவர்கள் மிகப் பலர். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசினால் அடங்கும்.

உதடு, கை, குதிகால்

உதட்டை நாக்கால் நனைப்பதை நிறுத்தினாலே பாதி குணம். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும், அதிலுள்ள நொதிகள் எரிச்சலைக் கூட்டும். மெந்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை வாசனை உள்ள லிப் பாம்கள் இதமான உணர்வைத் தந்தாலும் புண்ணை வளர்க்கும். வெறும் வாஸ்லின் போதும்.

கை கழுவிய ஒவ்வொரு முறையும் க்ரீம். பாத்திரம் துலக்கும்போது பருத்தி உறை, அதன்மேல் ரப்பர் உறை. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் நறுக்கும் கையில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அது ஆறவே ஆறாது. நறுக்கும்போதும் உறை வேண்டும். கையுறை இல்லாமல் ஸ்னோ தள்ளுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குதிகால் வெடிப்புக்கு 20, 25 சதவீத யூரியா, இரவில், பருத்தி சாக்ஸுக்குள். ப்யூமிஸ் கல்லை வாரம் ஒருமுறை, ஊறிய பிறகு மென்மையாக. நீரிழிவு உள்ளவர்கள் கல்லையும் பிளேடையும் தொடவேகூடாது. அவர்களின் பாத வெடிப்பு மருத்துவர் பார்க்கவேண்டியது.

அறைக் காற்று

ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். சிறிய டிஜிட்டல் கருவி, விலை அதிகமில்லை. 30 முதல் 40 வரை இருந்தால் நல்லது. கடும் குளிரில் 30ஐ ஒட்டியே வையுங்கள். அதற்கு மேலே போனால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, சட்டத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும்.

எவ்வளவு தண்ணீர் தேவை? 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயர அறையில் காற்று 30 கனமீட்டர். 10 சதவீதத்திலிருந்து 35க்கு ஏற்ற 150 மில்லிக்குள்தான். ஆனால் மணிக்கு அறையின் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் இன்னும் அரை லிட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆக இரவுக்கு முக்கால் லிட்டர். ரேடியேட்டரின் மேல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் இந்த அளவு வருவது கடினம்; காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியுமிடிஃபையர் வேண்டும். அது அல்ட்ராசோனிக் (அதிர்வால் தண்ணீரைப் பனிப்புகையாக்கும்) வகை என்றால் வாலை வடிநீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள கனிமங்கள் வெள்ளைத் தூளாகப் பறந்து மேசையிலும் நுரையீரலிலும் படியும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை வெள்ளை வினிகரால் கழுவவேண்டும். கழுவாத கருவியை ஓட்டுவதைவிட ஓட்டாமல் இருப்பது மேல்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறளாது என்பது உண்மையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், மேலடுக்கின் ஈரம் கொழுப்புத் தடுப்பால் நிற்கிறது.

ஊரிலிருந்து வந்த பெற்றோரும், மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகளும்

குளிர்காலத்தில் அப்பா அம்மாவை வரவழைக்கும் வீடுகளில் ஒரு விஷயம் தவறாமல் நடக்கும். வயதான தோலில் எண்ணெய்ச் சுரப்பும் கொழுப்பு உற்பத்தியும் ஏற்கெனவே குறைவு. வந்த சில வாரத்தில் முன்னங்காலில் வலைப்பின்னல் மாதிரி மெல்லிய வெடிப்புகள், இரவெல்லாம் சொறிச்சல். இது வறட்சி எக்ஸிமா. அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்தே சோப்பை மாற்றி, காலுக்குக் களிம்பு கொடுத்தால் பெரும்பாலும் வராது. கம்பளி நேரடியாக உடம்பில் படாமல் உள்ளே பருத்தி போடச் சொல்லுங்கள்.

காலிலோ கையிலோ நாணயம் போன்ற வட்டத் திட்டுகள் வந்தால் உடனே படர்தாமரை என்று முடிவு கட்டவேண்டாம். குளிர்காலத்தில் வரும் நாணய வடிவ எக்ஸிமாவும் அப்படியே இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே ட்யூபில் கலந்த களிம்பை எடுத்துப் போடுவது மிகவும் ஆபத்தான பழக்கம். உண்மையில் பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை உருமாற்றிப் பரப்பிவிடும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். கால்விரல்கள் ஊதா நிறத்தில் வீங்கி அரித்தால் அது குளிர்வீக்கம். சுடுதண்ணீரில் முக்காதீர்கள், மெதுவாகச் சூடாக்குங்கள். தேன் நிறப் பொருக்கு, நீர் வடிதல், வலி இருந்தால் தொற்று, அன்றே காட்டவேண்டும். தோலில் எதுவுமே தெரியாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரிப்பு நீடித்தால், க்ரீம் மாற்றிக்கொண்டே இருக்காமல் சிறுநீரகம், ஈரல், தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மார்ச்சில் புறஊதாக் குறியீடு 3ஐத் தொடும்போது சன்ஸ்க்ரீன் எல்லோருக்கும் திரும்பவேண்டும், வெளியே இன்னும் பூஜ்யம் டிகிரியாக இருந்தாலும். கெட்டிக் க்ரீமை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். ஹியுமிடிஃபையரை அணைத்தும் ஈரப்பதமானி தொடர்ந்து இரண்டு வாரம் 40க்கு மேலே காட்டினால் லோஷனுக்கு மாறலாம். ரெட்டினாய்டை அதன் பிறகு வாரம் ஓர் இரவாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.